கட்டை போடும் ஃபோர்மேன்

"பன்னெண்டு பந்துல இருபத்தொண்ணு வேணும். மனுசன் மறுபடியும் கட்டை போடறாரு பாருடா!" ஆனந்தராஜ் தலையில் கை வைத்தான்.

மூக்கண்டப்பள்ளி மைதானத்தில், மெஷின் ஷாப் அணிக்கு முதலில் இறங்கிய ராஜப்பன் பந்தைக் காலடியிலேயே சாகடித்தார். பிறகு குனிந்து ஒரு கல்லைப் பொறுக்கி எறிந்தார். முப்பத்தேழு பந்து, பதினோரு ரன்.

கேப்டன் பூபதியால் அவரைத் திட்டவும் முடியாது. ராஜப்பன் அவனுடைய ஃபோர்மேன். மூன்று வருடமாக டிரெயினியாக இருக்கும் பூபதியை நிரந்தரமாக்கும் படிவம் அவரிடம்தான் இருந்தது. கையெழுத்து விழாவிட்டால் மாதக் கடைசியில் சொந்த ஊரான ஊத்தங்கரைக்கு பஸ் ஏற வேண்டியதுதான். அவனோ எஸ்.டி.டி. பூத்திலிருந்து அம்மாவிடம், 'வேலை உறுதி' என்று சொல்லியும் விட்டான்.

ஏழு ரன்னில் தோற்றார்கள்.

"ஒருத்தர் விக்கெட் விடாம நிக்கணும் இல்ல?" என்றான் பூபதி, தனக்கே நம்பிக்கையில்லாமல்.

"நிக்கட்டும். மத்தவனுக்குப் பந்து மிச்சம் வெக்கணும் இல்ல?" என்றான் ஆனந்தராஜ்.

அடுத்த ஞாயிறு, "உங்க அனுபவத்துக்கு நீங்க கடைசில வந்து முடிச்சுக் குடுக்கணும் சார்" என்று அவரை ஏழாவது ஆளாக இறக்கினான். அன்றைக்கென்று பார்த்து மூன்றாவது ஓவருக்குள் ஐந்து பேர் திரும்பி வந்துவிட்டார்கள். மிச்சமிருந்த பதினேழு ஓவரும் ராஜப்பன் அசையவில்லை. அணியின் மொத்த ரன் நாற்பத்திரண்டு. எல்லைக்கோட்டில் நின்ற எதிரணிக்காரன் ஒருவன் உட்கார்ந்தே விட்டான்.

மூன்றாவது ஆட்டத்துக்கு ஆனந்தராஜ் திட்டம் போட்டான். "நான் ஓடறேன். அவரு பாதியில மாட்டுவாரு. ரன் அவுட்."

ஓடினான். ராஜப்பன் கோட்டை விட்டு நகரவில்லை. பக்கத்தில் வந்து மூச்சிரைத்தவனிடம், "எதுக்குப்பா இவ்வளவு அவசரம்?" என்று கேட்டார். ஆனந்தராஜ் அவுட். பின்னால் வந்த இரண்டு பேரும் அதே மாதிரி ஓடி, அதே மாதிரி போனார்கள்.

"இன்னொண்ணு தோத்தா டோர்னமென்ட்ல இருந்தே வெளியதான். அவரு இருந்தா நாங்க இல்ல," என்று பையன்கள் கைவிரித்தார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் பூபதி ஆப்பிளும் வாழைப்பழமுமாக ஃபோர்மேன் வீட்டில் நின்றான். அவர் மனைவி நாகம்மாள் தண்ணீர் கொடுத்தார்.

"சார், நாளைக்கு..."

"வரேம்பா. எத்தனாவதா எறங்கணும்?"

கண்ணை மூடிக்கொண்டு சொன்னான்: "டீம்ல உங்க பேரு இல்ல சார்."

ராஜப்பன் பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து உள்ளே போனார். பூபதி மனசுக்குள் பெட்டி கட்ட ஆரம்பித்தான்.

திரும்பி வந்தவர் கையில் அந்தப் படிவம். கீழே கையெழுத்து, மை காயவில்லை. "திங்கக்கெழமை ஆபீஸ்ல குடுத்துடு. நல்லா இருப்பே!" அவன் தோளை இறுகப் பிடித்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே போய்விட்டார்.

பூபதிக்கு மூச்சு வந்தது. ஆனால் ஒன்றும் புரியவில்லை. வாசலில் மெல்லக் கேட்டான்: "சாருக்குக் கோபம் இல்லீங்களாக்கா?"

நாகம்மாள் சிரித்தார். "கோபமா? வெளையாட வரலைன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். போன வருசம் மொதப் பந்துலயே அவுட்டாகிப் பாத்தாரு, 'அடுத்த மேட்ச்ல பாத்துக்கலாம் சார்'னு விடாம இழுத்துட்டுப் போனீங்க. இப்படி ஆடினாலாவது தூக்கிடுவீங்கன்னுதாம்பா இந்த வருசம் கட்டை போட்டுக்கிட்டே நின்னாரு!"