டெய்லர் அளந்த ஹோஸ்

"என்னம்மா இது? இதுக்குள்ள பூனை குடித்தனமே பண்ணலாம்!"

காரின் பானெட்டுக்குள் தலையை விட்டிருந்த டெய்லர் கத்தினார். அவர் மனைவி கையிலிருந்த ரப்பர் ஹோஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"நீங்கதானே மூணு இன்ச்சுன்னு சொன்னீங்க?"

சொன்னது உண்மைதான். ரேடியேட்டர் ஹோஸ் ஒழுக ஆரம்பித்ததும், கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, இடுப்பளவு எடுப்பதுபோல ஹோஸைச் சுற்றி அளந்து சொல்லியிருந்தார்.

"உள் ஓட்டைதான் கணக்காம். கடைக்காரர் சிரிக்கிறாரு."

"சிரிப்பான், சிரிப்பான்! மாத்திட்டு வா."

கடைக்கு அவரே போகலாம். ஆனால் அந்தக் கடைக்காரருக்கு அவர் தைத்த பேன்ட் தொடைக்கு மேல் ஏறாமல் பெரிய சண்டையாகிவிட்டது. அன்றிலிருந்து அந்தப் படியை மிதிப்பதில்லை.

கார் ஓடியே ஆக வேண்டும். வெளியூரில் இருக்கும் மகளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. "நீ பொறந்தப்ப உன்னை இந்தக் கார்லதான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். உன் பிள்ளைக்கும் அப்பா வண்டிதான்," என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

மகளோ அம்மாவிடம் தனியாக, "அப்பாவை ஓட்ட விடாதம்மா, கண்ணு சரியாத் தெரியல அவருக்கு," என்றிருந்தாள். அதை அவரிடம் யார் சொல்வது? ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பதே இப்போது மனைவிதான். கேட்டால், ஊசி கம்பெனிக்காரன் காதைச் சின்னதாக்கிவிட்டான் என்பார். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்.

அடுத்து, பழைய ஹோஸின் வாயை அளந்தார். வருஷக்கணக்காகக் குழாயில் மாட்டிக் கிடந்து வாய் விரிந்துபோயிருந்ததை யோசிக்கவில்லை. வந்த ஹோஸ் தொளதொள என்றிருந்தது.

"லூசா இருந்தா பிடிச்சிடலாம்," என்று கிளிப்பை முறுக்கினார். ரவிக்கைக்குச் சரி. ரப்பரைக் கிளிப் கடித்து, ஹோஸ் இரண்டானது.

மூன்றாவது ஹோஸ் இறுக்கம். வெந்நீரில் ஊறவைத்து, மூச்சைப் பிடித்து அழுத்தினார். ஹோஸை மாட்ட ரேடியேட்டரில் திருகியிருந்த பிளாஸ்டிக் மூக்கு பட்டென்று முறிந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதை.

"பழைய ஹோஸைக் கையிலேயே கொடுத்து அனுப்பினேனே! எப்படித் தப்பா வாங்குறே?"

"எல்லாமே கறுப்பா, ஒண்ணு மாதிரியே இருக்குங்க."

மாற்ற ஒரு நடை, ஸ்டாக் வந்ததா என்று பார்க்க ஒரு நடை என்று இரண்டு மாதம் அலைந்தாள். போனால் ஒரு மணி நேரம். கேட்டால், கடையில் கூட்டம் என்பாள். வியர்த்து வழிய வருவாள். அதட்டியதற்கு வருந்தி, தானே டீ போட்டுக் கொடுப்பார். அவர் போடும் டீ வாயில் வைக்க விளங்காது. அவள் ஒரு சொட்டு விடாமல் குடிப்பாள்.

கடைசியாகப் பித்தளை மூக்கு ஒன்று வந்தது. பார்க்க அச்சு அசல் பழையதுதான். இரண்டு சுற்று ஏறி நின்றுவிட்டது. திருகுமரையின் நெருக்கம் வேறு. டெய்லர் ஸ்பேனரைத் தூக்கினார்.

"ஐயோ, வேணாங்க! முறுக்கினா ரேடியேட்டரே போயிடும்," என்று பிடுங்கிக்கொண்டாள்.

அப்போதுதான் மருமகன் போன் செய்தார். மகளுக்கு வலி எடுத்துவிட்டது.

டெய்லர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். "பொண்ணுகிட்ட வாக்குக் கொடுத்தேனேம்மா. இப்ப என்ன பண்ணுவேன்?"

மனைவி பையைத் தூக்கிக்கொண்டு ஓடினாள். போன சூட்டில் யாரோ ஒருவரின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹோஸ், மூக்கு, கிளிப் எல்லாம் கச்சிதமாகப் பொருந்தின. ஒரு சொட்டு ஒழுகவில்லை.

"இது இத்தனை நாளா எங்கே இருந்துச்சு?"

"இன்னிக்குத்தான் ஸ்டாக் வந்துச்சாம். கிளம்புங்க."

பொழுது சாய்ந்து தூறல் போட்டது. டெய்லர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பின்பக்கம் திரும்பி வெகுநேரம் பார்த்தார். பிறகு, இத்தனை வருஷத்தில் அவள் கேட்டிராத சின்னக் குரலில் கேட்டார்:

"ஏம்மா... கேட் திறந்திருக்கா, மூடியிருக்கா?"

கேட் விரியத் திறந்திருந்தது. அவள் அவர் தலையை மெல்லத் தடவினாள்.

"அந்தப் பக்கம் நகருங்க."

"உனக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாதே!"

அவள் கியரைப் போட்டாள். கார் பின்னால் நகர்ந்து, வாளியை நசுக்கி, சுவரை லேசாக உரசி, தெருவுக்கு வந்து நின்றது. டெய்லர் டாஷ்போர்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

அவளைக் கொண்டுவந்து விட்டு வாசலிலேயே நின்றிருந்த ஸ்கூட்டர்காரர் ஜன்னலருகே குனிந்தார்.

"பயப்படாதீங்க சார், அக்கா லைசென்ஸ் வாங்கியாச்சு. ஹோஸ் கடைக்கு அடுத்த கதவுதான் என் டிரைவிங் ஸ்கூல். இன்னும் ரெண்டு ஹோஸ் தப்பா வாங்கியிருந்தாங்கன்னா ரிவர்ஸும் நல்லா வந்திருக்கும்!"