காப்பி டூ மேடமும் நாலு பக்க மறுப்புப் படிவமும்

பிள்ளையாருக்கே நோட்டீஸ் அனுப்பிய மனுஷி, எனக்குத் தெரிந்து இந்த உலகத்தில் ஒருவர்தான். அவர் நெய்வேலியில் எங்கள் பிளாக்கில் இருந்தார்.

ஒரு மார்கழியில் கோயில் ஒலிபெருக்கி விடியுமுன்னே அலற ஆரம்பித்தது. நாங்களெல்லாம் தலையணையால் காதை மூடிக்கொண்டோம். அவர் டைப் அடித்தார். "பெறுநர்: அருள்மிகு விநாயகர் அவர்கள் (வழி: குருக்கள்). பொருள்: ஒலிபெருக்கி, சத்தம் குறைத்தல் தொடர்பாக." அடியில், "நகல்: அருள்மிகு முருகன், பக்கத்து பிளாக் கோயில், தகவலுக்காக." குருக்கள் இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் சத்தம் பாதியாகக் குறைந்தது. தம்பிக்கும் தகவல் போய்விட்ட பிறகு அண்ணன் என்ன செய்ய முடியும்?

அவர் எழுதும் எதிலும் கடைசியில் இந்த நகல் பட்டியல் இருக்கும். ஆபீஸ் பாஷையில் அதற்குப் பெயர் "காப்பி டூ". அதுவே அவருக்கும் பெயராகிவிட்டது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலுக்கு மட்டும் தெரியும். பிளாக்குக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள், இந்த அம்மா ஒரு வேளைக்கு இரண்டு காப்பி குடிப்பவர் போலிருக்கிறது என்று நினைத்து, வீட்டுக்கு வந்தால் கேட்காமலே இரண்டு டம்ளரை முன்னால் வைத்துவிடுவார்கள். அவர் டீ மட்டும் குடிப்பவர்.

நிலக்கரிக் கம்பெனியின் சட்டப் பிரிவில் டைப்பிஸ்ட் வேலை. சிவகங்கைப் பக்கத்து மனுஷி. குவார்ட்டர்ஸில் தனியாக இருந்தார். முப்பது வருஷம் வக்கீல்கள் சொல்லச் சொல்லத் தட்டியதில், சட்டம் மூளைக்குள் போனதோ இல்லையோ, விரல்களுக்குள் போய்விட்டது. உலகத்தில் எந்தப் பிரச்சினையாக இருந்தாலும் அதற்குச் சரியான வாசகம் ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடித்துத் தட்டிவிட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

எனக்கும் ஒரு நோட்டீஸ் வந்திருக்கிறது. "பொருள்: பொது வேலியில் காயும் தங்கள் நீல நிறக் கட்டம் போட்ட லுங்கி தொடர்பாக. பார்வை: நேற்று மாலை ஐந்து மணிக்கு நான் பார்த்தது." நகல் என் மனைவி செல்விக்கு. நான் மைன்ஸில் கன்வேயர் பெல்ட் மெக்கானிக். பெரிய பெரிய இயந்திரங்களுக்கெல்லாம் பயப்படாதவன். அந்த லுங்கியை அன்றே எடுத்துவிட்டேன்.

இப்படிப்பட்டவர் இருக்கும் ஊரில்தான், எங்கள் பிள்ளைகள் படித்த பள்ளிக்கூடத்தின் தலைமையாசிரியர் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்.

அது எம்.ஆர். ஊசி போட்டுக்கொண்டிருந்த சமயம். தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் சேர்த்து ஒரே ஊசி. சுகாதாரத் துறையிலிருந்து பள்ளிக்கே வந்து இலவசமாகப் போடுவார்கள். பெற்றோர் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதும். அந்தத் தாள்தான் திரும்பி வரவில்லை. காரணம் வாட்ஸ்அப். இந்த ஊசி போட்டால் பிற்காலத்தில் பிள்ளை பிறக்காது என்று ஒருவர் அனுப்பினார். வெளிநாட்டுக்காரன் சோதனை பண்ணுகிறான் என்று இன்னொருவர். இரண்டையும் எனக்கு அனுப்பியது ஒரே ஆள், நெல்லிக்குப்பத்தில் மொபைல் கடை வைத்திருக்கும் என் மச்சான் பாபு. ஆறாம் வகுப்பில் படித்த என் மகள் மதுவின் தாளும் என் சட்டைப் பையில்தான் இருந்தது.

பாதித் தாள்கூட வராததைப் பார்த்துத் தலைமையாசிரியர் கலங்கிப்போனார். சாதுவான மனிதர். சாதுக்கள் பயந்தால் நோட்டீஸில் சிங்கமாகிவிடுவார்கள். "ஊசி போட்டுக்கொள்ளாத மாணவர்கள் வகுப்பில் அனுமதிக்கப்பட மாட்டார்கள்" என்று எழுதி கேட்டில் ஒட்டினார்.

காப்பி டூ மேடம் ஆபீஸ் போகும் வழி அது. சைக்கிளை நிறுத்தினார். படித்தார். கைப்பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து, "எந்தச் சட்டம்? எந்தப் பிரிவு?" என்று நோட்டீஸின் மேலேயே எழுதினார். அப்படியே உள்ளே போனார். மது மறந்துவிட்டுப்போன சாப்பாட்டுக் கூடையைக் கொடுக்கப் போன நான் வராந்தாவில் நின்றிருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது.

நல்லதுக்காகத்தான் போட்டேன் என்றார் தலைமையாசிரியர்.

"நல்லதுக்குச் சொன்னாலும் பொய் பொய்தான் சார்" என்றார் மேடம். "அந்தக் காலத்துல பெரியம்மை ஊசிக்குக் கட்டாயம் இருந்துச்சு. இதுக்கு இல்லை. இல்லாத சட்டத்தைக் காட்டி இன்னைக்கு மிரட்டினீங்கன்னா, நாளைக்கு ஊசியைப் பத்தி நீங்க சொல்ற உண்மையையும் ஒருத்தரும் நம்ப மாட்டாங்க."

நோட்டீஸ் கிழிக்கப்பட்டது. செய்தி அரை மணி நேரத்தில் எல்லா பிளாக்குக்கும் பரவியது. ஊசி வேண்டாம் என்றிருந்த பெற்றோர் அத்தனை பேருக்கும் காப்பி டூ மேடம் ஒரே நாளில் தலைவியாகிவிட்டார். அன்று மாலை கூடிய பெற்றோர் கூட்டத்துக்கு ஒருவர் சால்வையோடு வந்துவிட்டார். நான் கைதட்டுவதற்கென்றே முன்வரிசையில் இடம் பிடித்தேன்.

மேடம் எழுந்தார். யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது என்றார். கூரை அதிரக் கைதட்டினோம். தட்டி முடியும்வரை பொறுமையாக நின்றார்.

"உரிமைன்னா அதை முறைப்படி பயன்படுத்தணும்" என்றார் அப்புறம். "நான் லீவு போட்டுட்டு நாளைக்குக் காலையில ஒன்பது மணிக்கு இங்க வந்து உக்கார்றேன். ஊசி வேணுங்கிறவங்க ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போகலாம். வேண்டாங்கிறவங்க நேர்ல வந்து மறுப்புப் படிவத்தைப் பூர்த்தி பண்ணிக் குடுங்க. உக்காந்து எழுத பெஞ்சு போட்டு வைக்கச் சொல்லியிருக்கேன்."

சால்வைக்காரர் சால்வையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

மறுநாள் எனக்கு இரண்டாவது ஷிப்ட். காலையிலேயே போனேன். மேடம் ராத்திரியோடு ராத்திரியாக டைப் அடித்த படிவம், நாலு பக்கம், முப்பது கேள்வி. எனக்கு இன்னும் மறக்காத சிலவற்றைச் சொல்கிறேன். பிள்ளைக்குத் தட்டம்மை கண்டால் தனியாகப் படுக்கவைக்க உங்கள் குவார்ட்டர்ஸில் எந்த அறை, அதன் நீள அகலம் என்ன? அத்தனை நாளும் லீவு போடப்போவது அப்பாவா, அம்மாவா? லீவு கைவசம் இருக்கிறதா? ஊசி ஆபத்து என்று உங்களுக்குச் சொன்னவர் யார்? அவர் படிப்பு என்ன? பிள்ளைக்கு ஏதாவது ஆனால் அவர் வந்து உடன் இருப்பாரா? "அவர் ஒப்புதலைப் பெற்று எழுதவும்."

படிப்புக் கேள்விக்காகப் பாபுவுக்குப் போன் போட்டேன். பி.காம். முடித்தானா, பாதியில் விட்டானா என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் சரியாகத் தெரியாது. விஷயத்தைச் சொல்லி, பேரை எழுதிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன்.

"என் பேரெல்லாம் எழுதாதீங்க மாமா" என்றான் பாபு. "நான் அதை முழுசாப் படிக்கக்கூட இல்ல. வந்துச்சு, அனுப்பிட்டேன்."

சரி, உன் பெண்ணுக்கு என்ன செய்யப்போகிறாய் என்றேன்.

"அவளுக்குப் போன வாரமே ஸ்கூல்ல போட்டாச்சே."

போனை வைத்துவிட்டு அடுத்த கேள்விக்கு வந்தேன். "உங்கள் அக்கம்பக்கத்தில் கர்ப்பிணிகள் இருக்கிறார்களா? ருபெல்லா அவர்களைத் தொற்றினால் வயிற்றிலிருக்கும் குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படலாம். இதை அவர்களிடம் தெரிவித்துவிட்டீர்களா? ஆம் எனில், அவர்கள் என்ன சொன்னார்கள்?" எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்கு அப்போது மூன்றாவது மாதம். மது பள்ளிவிட்டு வந்ததும் புத்தகப் பையோடு நேராக அங்கேதான் ஓடுவாள். அந்தப் பெண் இவளுக்காக எடுத்துவைத்த முறுக்கைத் தின்றுவிட்டுத்தான் எங்கள் வீட்டுக்கே வருவாள். அவளிடம் போய் என்னவென்று தெரிவிப்பது? பேனாவை மூடினேன். சட்டைப் பையில் கசங்கிக் கிடந்த ஒப்புதல் தாளை எடுத்துப் பெஞ்சில் வைத்துத் தேய்த்து நீவி, கையெழுத்துப் போட்டேன். மேடம் தலையை நிமிர்த்தாமலே வாங்கிக்கொண்டார். எனக்குப் பின்னால் அந்தச் சால்வைக்காரர் அறையின் நீள அகலத்தை அடிக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார். பதினோரு மணிக்கு அவரும் கையெழுத்துப் போட்டார்.

ஷிப்டுக்கு நேரம் இருந்ததால் நான் அங்கேயே வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன். மதியத்துக்குள் பெஞ்சு காலியாகிவிட்டது, ஒரே ஓர் ஆளைத் தவிர. காடாம்புலியூர் செல்வராசு. மைன்ஸில் கான்ட்ராக்ட் தொழிலாளி. எங்கள் பெல்ட் பகுதியில்தான் வேலை என்பதால் எனக்குப் பழக்கம். மகள் கீர்த்தனா மதுவோடு ஒரே வகுப்பு, தினமும் பஸ்ஸில் வருவாள். செல்வராசு நாலு பக்கத்தையும் எழுத்துக்கூட்டிப் படித்து முடித்துவிட்டுப் படிவத்தோடு மேடத்திடம் வந்தார்.

"கடைசி வரில, இந்தப் படிவத்தைப் பூர்த்தி செய்யறது கட்டாயமில்லைன்னு போட்டிருக்குதுங்களே."

நான் வாங்கிப் பார்த்தேன். நாலாம் பக்கத்தின் அடியில் உண்மையாகவே அப்படித்தான் இருந்தது. அன்று காலையிலிருந்து ஒரு ஜீவன்கூட அதுவரைக்கும் படிக்கவில்லை. மேடத்தின் முகத்தில் ஒரு பிரகாசம். இத்தனை வருஷத்தில் அவர் தட்டியதைக் கடைசி வரிவரை படித்த முதல் ஆள் செல்வராசுவாகத்தான் இருக்க வேண்டும்.

ஆமாம், எழுதாமலே வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம் என்றார் மேடம். செல்வராசு போகவில்லை. நின்றுகொண்டே இருந்தார். காரணத்தைச் சொல்ல அந்தப் படிவத்தில் இடமில்லை என்றார்.

"பெரியவன் கைக்குழந்தையா இருக்கச்ச ஊசி போட்டுக்கினு வந்தோம்ங்க. மறுநாள் காய்ச்சல் வந்து வெட்டிக்கினு இழுத்துச்சு. பண்ருட்டி ஆஸ்பத்திரிக்கு பஸ்ல தூக்கிக்கினு ஓடுனேன். புள்ள கண்ணு மேல சொருகிக்கினு கெடக்குது, பஸ்ஸு ஒவ்வொரு ஸ்டாப்பா நின்னு நின்னு போவுது. இப்ப நல்லாத்தான் ஐ.டி.ஐ. படிக்கிறான். ஆனா அந்த பஸ்ஸுல நான் போனது எனக்குத்தாங்க தெரியும்."

வாசகம் கிடைக்காமல் மேடம் திணறி நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். பிறகு படிவத்தை என் கையிலிருந்து வாங்கி இரண்டாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"இது உங்களுக்காக எழுதினது இல்லைங்க" என்றார். "நான் இதை யோசிக்கவே இல்லை. வாங்க, டாக்டர்கிட்ட கேப்போம்."

ஊசி போட வந்திருந்த டாக்டரம்மா அடுத்த அறையில் சாப்பிட உட்கார்ந்திருந்தார். மேடம் அவரைச் சாப்பிடவிடவில்லை. டாக்டரம்மாவும் நல்லவர், டப்பாவை மூடிவைத்துவிட்டுக் கேட்டார். காய்ச்சலால் வரும் வலிப்பு ஐந்தாறு வயதுக்கு உட்பட்ட சின்னக் குழந்தைகளுக்குத்தான் வரும், இவளுக்குப் பதினொரு வயது, அண்ணனுக்கு வந்தது என்பதற்காக இவளுக்கு ஊசியை நிறுத்த வேண்டியதில்லை என்றார். அவசரப்படாமல் இரண்டு தடவை சொன்னார். கீர்த்தனாவைக் கடைசியில் கூட்டிவாருங்கள், மற்றவர்களைவிடக் கூடுதல் நேரம் உட்காரவைத்து நானே பார்த்துக்கொள்கிறேன் என்றும் சொன்னார்.

வீட்டில் கேட்டுச் சொல்கிறேன் என்றார் செல்வராசு. சரியென்று தலையாட்டினார் மேடம். அவர் வாயிலிருந்து ஒரு பிரிவுகூட வராதது எனக்குப் பயமாகவே இருந்தது.

முகாமின் கடைசி நாள், மேஜையை மடிக்கப்போகும் நேரத்தில் செல்வராசு மகளோடு வந்தார். ஊசி போடும்போது அவர் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். கீர்த்தனா அழவில்லை. மேடம்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆச்சு, ஆச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார், ஊசி குத்துவதற்கு முன்னாலிருந்தே.

அதற்கு இரண்டு நாள் கழித்து முதல் ஷிப்ட் முடிந்து மெயின் பஜார் போயிருந்தேன். பொழுது சாய்கிற நேரம். பண்ருட்டிப் பக்கமிருந்து வந்த பஸ்ஸிலிருந்து மேடம் இறங்கினார். கையில் ஒரு துணிப்பை. முந்தின நாளும் இதே நேரத்துக்கு இதே பஸ்ஸிலிருந்து இறங்கியதாகச் செல்வி சொல்லியிருந்தாள். எங்கே போய்வருகிறீர்கள் என்று கேட்டேன்.

"காடாம்புலியூர்" என்றார். "பலாப்பழம் வாங்கலாம்னு."

அப்போது கார்த்திகை மாதம். காடாம்புலியூரில் மூலைக்கு மூலை பலாமரம்தான், ஆனால் கார்த்திகையில் அதில் பிஞ்சுகூடக் கிடையாது. கிடைத்ததா மேடம் என்றேன்.

"இன்னைக்குக் கிடைக்கலை சார். நாளைக்கும் போய்ப் பாக்கணும்."

மறுநாள் பெல்ட் பக்கத்தில் செல்வராசுவைப் பார்த்தேன். பாப்பா எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன். நன்றாக இருக்கிறாள், காய்ச்சல்கூட இல்லை என்றார்.

"அந்த மேடம்தாங்க தெனம் சாயங்காலம் வூட்டுக்கு வந்து பாப்பா நெத்தியத் தொட்டுத் தொட்டுப் பாத்துக்கினு போறாங்க" என்றார். "அவங்க முகத்தைப் பாத்தா எங்களுக்குத்தான் பயமா கீது. டீ குடுத்து அனுப்புறோம்."

அன்று மாலை மேடம் துணிப்பையை எடுத்துக்கொண்டு கேட்டைச் சாத்தும்போது, என் வண்டியை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்தினேன். பஸ் ஸ்டாப்வரை கொண்டுவிடுகிறேன், உட்காருங்கள் என்றேன். எதற்கு சிரமம் என்றார். பழம் தீர்ந்துவிடப் போகிறது மேடம் என்றேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்துவிட்டுப் பின்னால் ஏறி உட்கார்ந்தார். கீர்த்தனாவுக்கு ஒன்றுமில்லை என்று அவர் மனசு ஒப்புக்கொள்கிறவரை, மேலும் நாலு நாள், எந்த மரத்திலும் இல்லாத அந்தப் பலாப்பழத்துக்காக அவரை நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.