ஹாலில் ஒரு கடற்கரை

கடற்கரைக்குப் புறப்பட இன்னும் ஐந்து நாள் இருக்கையில், சின்னவன் மணலில் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டான்.

வாயால் சொல்லவில்லை. மூன்று வயதுப் பிள்ளை அப்படியெல்லாம் அறிக்கை விடாது. பூங்காவில் சறுக்குமரத்தடியில் கொட்டியிருந்த மணலில் அப்பா அவனை இறக்கிவிடப் போனபோது, இரண்டு காலையும் மடக்கிக்கொண்டு அவர் கழுத்தில் தொங்கி, தெருமுனை வரை கேட்கிற மாதிரி அலறினான்.

அப்பா பஸ் டிப்போவில் டைம்கீப்பர். எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பும், எந்த ஓட்டுநருக்கு எப்போது ஓய்வு என்று அட்டவணை போடுவது அவர் வேலை. புது வழித்தடம் என்றால், பயணிகளை ஏற்றுவதற்கு முன் காலி பஸ்ஸை இரண்டு நாள் ஓட்டிப் பார்ப்பார்கள். டிப்போவில் அதற்கு ட்ரையல் ரன் என்று பெயர். ட்ரையல் ரன் பார்க்காமல் அவர் வாழ்க்கையில் செய்த ஒரே காரியம் கல்யாணம்.

இந்தப் பயணத்தின் முழுப் பொறுப்பும் அவருடையது. மனைவிக்கு சமையல் கேஸ் கம்பெனியில் போனில் புகார் கேட்கிற வேலை. பகலெல்லாம் ஊரார் திட்டுவதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே இரண்டு பிள்ளைகளும் ஆளுக்கொரு புகாரோடு நிற்கும். போன மாதம் ஒருநாள் செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் சொன்னாள்:

"நாலு நாள் என்னை யாரும் கூப்பிடக் கூடாதுங்க. அவ்வளவுதான் எனக்கு வேணும்."

அது அவர் நெஞ்சில் தைத்துவிட்டது. அன்றைக்கே கடலோர விடுதி ஒன்றில் அறை பதிவு செய்தார். செவ்வாய்க்கிழமை ரயில். வெள்ளிக்கிழமையிலிருந்தே இருவருக்கும் லீவு.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் அவர் தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த கொத்தனாரிடம் போய் இரண்டு மூட்டை மணல் கேட்டார். எதற்கு என்று கொத்தனார் விசாரித்தார். பையனுக்குப் பழக்கம் வரட்டும் என்று இவர் சொன்னார்.

ஹாலில் தார்ப்பாய் விரித்து மணலைக் கொட்டினார். சத்தம் கேட்டு மனைவி படுக்கையறைக் கதவைத் திறந்தாள்.

"என்னங்க இது?"

"ட்ரையல் ரன். இதுல பயணிகளுக்கு இடமில்ல. நீ உள்ள போய் படு."

அவள் மணலைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். கதவைச் சாத்திக்கொண்டாள்.

சின்னவனை மணலில் உட்கார வைக்க அரை மணி நேரம் ஆயிற்று. அதற்கப்புறம் அவனை எழுப்பத்தான் முடியவில்லை. அங்கேயே சாப்பிட்டான், அங்கேயே தூங்கினான். ஐந்து வயது மூத்தவள் அவனை இடுப்புவரை புதைத்துவிட்டு, செடி நட்டிருப்பதாகச் சொல்லித் தண்ணீர் ஊற்றினாள். மின்விசிறியைப் போட்டதும் மணல் அலமாரி, தலையணை, டம்ளர் என்று வீடெங்கும் குடியேறியது.

அவனை மணலிலிருந்து கிளப்ப வேண்டுமானால் கடலைக் காட்ட வேண்டும். சனிக்கிழமை, துணி ஊறவைக்கிற பெரிய டப்பை நடுஹாலில் வைத்துத் தண்ணீர் நிரப்பினார். எதையும் உள்ளது உள்ளபடி செய்கிற மனுஷர் என்பதால் இரண்டு பாக்கெட் உப்பையும் கரைத்தார். மூத்தவள் ஒரு வாய் குடித்தாள். குடித்ததை அவர் சட்டையிலேயே திருப்பிக் கொடுத்தாள். இனி கடல் இருக்கிற ஊருக்கே வரமாட்டேன் என்று அழுதாள்.

சரி, நல்ல தண்ணீர் பிடிக்கலாம் என்று டப்பைக் குளியலறையில் கவிழ்த்தார். டப்பின் அடியில் பாதிக் கடற்கரை இருந்தது. அது போய்க் குழாயை அடைத்துக்கொண்டது. குச்சியால் குத்தினார்; குச்சி உள்ளே போய்விட்டது. குச்சியை எடுக்கக் கம்பியை விட்டார். உள்ளே எதுவோ உடைந்தது. கால் மணி நேரத்தில் கீழ்வீட்டு அம்மா படியேறி வந்தார்.

"தம்பி, எங்க வீட்டு சீலிங்ல தண்ணி சொட்டுது. உப்புக் கரிக்குது."

எப்படித் தெரிந்தது என்று கேட்க அவருக்குத் துணிவில்லை.

பிளம்பர் வந்து ஒரு வாளி மணலை வெளியே எடுத்தார். வீட்டுக்குள் ஏதாவது கட்டுகிறீர்களா என்று மரியாதையாகக் கேட்டார். சுத்தியல் சத்தத்தில் படுக்கையறைக் கதவு திறந்தது. உதவி வேண்டுமா என்றாள் மனைவி. நீ வெளியே வந்தால் லீவே கெட்டுவிடும், எல்லாம் அட்டவணைப்படிதான் போகிறது என்றார். இந்த முறை கதவு கொஞ்சம் சீக்கிரமே சாத்திக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை பெட்டி கட்டுகிற ஒத்திகை. அவர் மடித்து வைக்க வைக்க, பிள்ளைகள் துணியை எடுத்துப்போய் மணல்வீட்டுக்குக் கூரை போட்டார்கள். பொறுமை போய், டிப்போ விசிலை எடுத்து ஊதினார். இருவரும் ஓடிவந்து வரிசையில் நின்றார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்து பின்னால் நின்றார்கள். அந்த நால்வரும் சாயங்காலம் வரை போகவில்லை.

திங்கட்கிழமை காலை அவருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. மணலில் மல்லாந்து கிடந்தபடி, சாத்திய கதவைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. விடுதியில் பதிவு செய்திருப்பது ஒரே அறை. உள்ளே போய் படு என்று சொல்ல அங்கே உள்ளே என்று ஒன்று கிடையாது. அம்மா, அம்மா என்று நான்கு நாளும் அவள் தலையில்தான் விடியும். அதுவும் நிஜக் கடல் பக்கத்தில்.

போக வேண்டாம் என்று முடிவு செய்ததுமே முதுகுவலி பாதி குறைந்தது. பிள்ளைகளிடம் ரகசியமாகச் சொன்னார். சின்னவன் மணலைக் கட்டிக்கொண்டான், மூத்தவள் அவரைக் கட்டிக்கொண்டாள். மூன்று நாளில் முதல்முறையாக அவர் நிம்மதியாக மூச்சுவிட்டார்.

மிச்சம் இருந்தது மனைவி. நாளைக்குப் புறப்பட வேண்டியிருக்கையில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? அடுத்த மாதத்துக்கு இரண்டு அறையாக மாற்றிவிட்டுச் சொன்னால் கொஞ்சம் தேறுவாள். பூனை மாதிரி பால்கனிக்குப் போய், விடுதிக்குப் போன் போட்டு, தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மறுமுனையில் ஒரு பெண் குரல் லைனிலேயே இருக்கச் சொன்னது. காகிதம் புரளும் சத்தம் கேட்டது.

"உங்க ரூமை வெள்ளிக்கிழமை மத்தியானமே உங்க வீட்டுக்காரம்மா கேன்சல் பண்ணிட்டாங்களே சார், 'அவர் கேட்டா ரூம் ரெடியா இருக்குன்னே சொல்லுங்க, ட்ரையல் ரன் நின்னுடக் கூடாது'ன்னு நோட்டுல எழுதியிருக்கு."