மேகலா பிறந்த புயலைத் தேடிய கதை

பெண் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து தாலி கட்டுகிற நாள் வரைக்கும் மாப்பிள்ளைப் பையன்கள் வாயைத் திறக்கக் கூடாது என்று ஒரு சட்டம் கொண்டுவந்தால், நாட்டில் பாதிக் கல்யாணங்கள் சிக்கல் இல்லாமல் நடக்கும். பெரியவர்கள் எல்லாவற்றையும் பேசி முடித்துவிடுவார்கள். பையன் செய்யவேண்டியது சும்மா இருப்பது ஒன்றுதான். அந்த ஒரு வேலையைத்தான் என்னால் செய்ய முடியவில்லை.

எனக்கு அப்போது இருபத்தேழு வயது. சேதராப்பட்டில் பிளாஸ்டிக் மூடி செய்கிற ஒரு கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. நல்ல மூடி, நொள்ளை மூடி என்று பிரித்து, கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டும். ஏற்றுகிற அந்த ஒரு காரியத்தால், வில்லியனூர் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊரில் எனக்குக் ‘கம்ப்யூட்டர் படிச்ச புள்ள’ என்று பெயர். (நான் படித்தது மெக்கானிக்கல் டிப்ளமோ. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

பெண் பாகூர் பக்கத்துக் கிராமம். எங்களைப் போலவே நெல்லும் கரும்பும் போடுகிற குடும்பம். பெயர் மேகலா. இயற்பியல் படித்துவிட்டு பி.எட். சேர்ந்திருந்தாள். காபியை நீட்டும்போது நேராக என் முகத்தைப் பார்த்தாள். வெட்கப்பட்டுத் தலையைக் குனிந்தது நான்தான். வீட்டுக்கு வருகிற வழியிலேயே, கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று முடிவு செய்துவிட்டேன். அம்மாவுக்கும் பிடித்துவிட்டது.

ஒரே ஒரு குறை, மேகலாவுக்கு ஜாதகம் இல்லை. அவள் பிறந்தது இரண்டாயிரமாவது வருஷத்துக் கார்த்திகையில், கடலூர் பக்கம் புயல் கரையேறிய அன்று. கொம்யூன் பஞ்சாயத்து ஆபீஸ் கொடுத்த பிறப்புச் சான்றிதழில் தேதி இருந்தது, நேரம் இல்லை. நேரத்தைப் பற்றிக் கேட்டால், அவள் அம்மா புயலைப் பற்றிச் சொன்னார்.

“அவங்க அப்பா வண்டி தேடிப் போனாரு. ரோடு பூரா மரம் விழுந்து கெடக்குது. பக்கத்து வூட்டு அம்மாதான் வந்து பாத்தாங்க. சொவத்துக் கடிகாரம் காத்துல விழுந்து ஒடஞ்சி போச்சி. அப்புறம் திடீர்னு காத்து நின்னுடுச்சிப்பா. ஒரு எல அசையல. புயல் போயிடுச்சின்னு எல்லாரும் வெளிய போயி கூரையப் பாக்குறாங்க, அப்பதான் இவ பொறந்தா. கொஞ்ச நேரத்துல எதிர்ப்பக்கத்திலேர்ந்து அடிக்க ஆரம்பிச்சிது பாரு!”

“அப்ப பகலா, ராத்திரியா?” என்று என் அம்மா கேட்டார்.

“காலையிலேர்ந்தே இருட்டிக்கிட்டுதான் கெடந்திச்சி. வெளக்கு ஏத்தி வச்சிருந்தோம். வலியில எனக்கு இன்னா தெரியும்?”

அந்த ஊர்க்காரர்களைக் கேட்டோம். ஒருவர் மத்தியானம் என்றார், இன்னொருவர் விளக்கு வைக்கிற நேரம் என்றார். மூன்றாமவர் பொழுது விடிகிற நேரம் என்று அடித்துச் சொன்னார். அவர் சொன்னது பல வருஷம் கழித்து வந்த தானே புயலை என்று பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்தில் புயலுக்குப் பஞ்சம் இல்லாததால் எது எப்போது அடித்தது என்று யாருக்கும் ஞாபகம் நிற்பதில்லை.

வில்லியனூர் ஜோசியர் பெரிய மனுஷர். “நேரம் இல்லன்னா இன்னாம்மா, பேர் பொருத்தம் பார்த்தா போச்சி” என்றார். பார்த்தார். பொருந்தியது. அம்மா வாயெல்லாம் பல். பஞ்சாங்கத்தைப் புரட்டி முகூர்த்த நாள் தேடத் தொடங்கினார் ஜோசியர். அந்த நிமிஷத்தில் எனக்கு ஒரு இருமல் வந்திருந்தால்கூடப் போதும், தப்பித்திருப்பேன்.

“ஐயா, காத்து நின்னுச்சி இல்ல, அது புயலோட கண்ணு. கண்ணு பாகூர் மேல போன நேரம் சாட்டிலைட் படத்துல இருக்கும். நான் கண்டுபிடிச்சித் தரேன்” என்றேன்.

ஜோசியர் பஞ்சாங்கத்தை மூடினார். “நெசமாவா தம்பி? நேரம் கெடச்சா ஜாதகமே எழுதிடலாமே!”

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் இருந்த பெருமையை இன்றைக்கும் மறக்க முடியவில்லை. அதற்கு முன்னும் அப்படிப் பார்த்ததில்லை, பின்னும் இல்லை.

அன்றே தேட உட்கார்ந்தேன். ரேடார் படம் என்று போட்டால் இன்றைக்குப் பெய்கிற மழை வந்தது. பழைய புயல் என்று போட்டால் விழுந்த மரங்களும், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் நிற்கும் அரசியல்வாதிகளும் வந்தார்கள். பெயரைப் போட்டுத் தேடலாம் என்றால், அந்தக் காலத்தில் நம் கடலில் வரும் புயலுக்குப் பெயர் வைக்கிற வழக்கமே இல்லை. அமெரிக்காக்காரர்கள் மட்டும் தங்கள் ஊர்ப் புயல்களுக்கு ஆள் பெயராக வைத்து, ஒவ்வொன்றையும் மணிவாரியாகப் படம் எடுத்து, கல்யாண ஆல்பம் மாதிரி அடுக்கி வைத்திருக்கிறார்கள். பழைய ஹரிக்கேன் படங்கள் என்று போட்டால் கொட்டோ கொட்டென்று கொட்டியது. சுருள் சுருளாக, நடுவில் கருவிழி வைத்து, அத்தனை அழகு. ஒரு வாரம் வேலை முடிந்து வந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அதில் ஒன்றை, பெரியவர்கள் சம்மதத்தோடு வாங்கியிருந்த மேகலாவின் நம்பருக்கு அனுப்பி, ‘நீங்க பிறந்த புயல்!’ என்று எழுதினேன். பத்து நிமிஷம் கழித்துப் பதில் வந்தது. ‘கீழே ஃபுளோரிடான்னு போட்டிருக்கே. பாகூர் எப்ப அங்க போச்சி?’

மானம் போய்விட்டதே என்று ரோஷத்தோடு தேடி, கடைசியில் வெளிநாட்டுக்காரர் யாரோ இந்தியப் பெருங்கடலுக்கென்று சேர்த்து வைத்திருந்த பழைய படக் கிடங்கு ஒன்றைக் கண்டுபிடித்தேன். பெயரே இல்லாமல் வெறும் எண்களாகக் கோப்புகள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். மங்கலான கருப்பு வெள்ளைப் படம், நூல் பிடித்த மாதிரி நம் கடற்கரை, அதன்மேல் வெள்ளைச் சுருள். நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி கரையைத் தொடுகிற படத்தின் மூலையில் மேகலா பிறந்த தேதியும் 1130 என்ற எண்ணும் இருந்தன. எண்ணுக்குப் பக்கத்தில் ஓர் இசட். எங்கள் கம்பெனியில் மூடிப் பெட்டிகளின்மேல் எண்ணுக்குப் பக்கத்தில் ஷிப்ட் எழுத்துப் போடுவார்கள். சாட்டிலைட்காரர்களுக்கும் ஷிப்ட் உண்டு போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

காலை பதினொன்றரை! புள்ளியைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறி இழுத்து, ‘மேகலா’ என்று எழுதினேன். வில்லியனூர் ஜெராக்ஸ் கடையில் கலரில் எடுத்து லேமினேஷன் செய்து ஜோசியர் கையில் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

கட்டம் போட்டார். கும்ப லக்கினம் என்றார். கிரகங்களை ஒவ்வொன்றாக உட்கார வைத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் பேனாவை நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். “எட்டுல செவ்வா நிக்கிதேம்மா.”

பெண்ணின் ஜாதகத்தில் எட்டாம் இடம் கணவனின் ஆயுளைச் சொல்கிற இடம் என்பார்கள். அங்கே செவ்வாய் நின்றால், அதே தோஷம் உள்ள பையனாகப் பார்த்துத்தான் கட்டவேண்டும். என் ஜாதகம் சுத்த ஜாதகம். ஆக, நான் சீக்கிரம் செத்துப்போவேன் என்பதற்கான ஆதாரத்தை நானே தேடி, நானே வட்டம் போட்டு, தண்ணீர் பட்டாலும் கெடாதபடி லேமினேஷனும் செய்து கொண்டுவந்திருந்தேன்.

“எனக்கு ஒரே புள்ளைங்க” என்றார் அம்மா. அன்று சாயங்காலமே மேகலா வீட்டுக்குப் போன் போட்டு, “கொஞ்ச நாள் போவட்டுங்க” என்றார். கல்யாணப் பேச்சில் இதற்கு என்ன அர்த்தம் என்பது எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் மேகலா போன் செய்தாள். அவ்வளவு கோபத்தை அவ்வளவு தாழ்ந்த குரலில் நான் அதுவரை கேட்டதில்லை.

“இதுவரைக்கும் எனக்கு ஜாதகம் இல்லன்னுதான் சொன்னாங்க. இப்ப செவ்வா தோஷம்னு சொல்றாங்க. நீங்க இல்லன்னாலும் இனிமே வர்றவங்க எல்லாருக்கும் இதத்தான் சொல்லுவாங்க. உங்கள யாருங்க தேடச் சொன்னது?”

என் கல்யாணம் போனதை மட்டும்தான் நினைத்து அழுதுகொண்டிருந்தேன். அந்தப் பெண்ணின் தலையில் என்ன தூக்கி வைத்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. மன்னித்துவிடுங்கள் என்றேன். அது காதில் விழுந்ததாகவே அவள் காட்டிக்கொள்ளவில்லை.

“அந்தப் படத்த அனுப்புங்க.”

அனுப்பினேன். லைனிலேயே இருந்தாள்.

“நேரத்துக்குப் பக்கத்துல இசட் இருக்கே, அது இன்னான்னு நெனச்சீங்க?”

“ஷிப்ட்டுன்னு…”

மூக்கை உறிஞ்சுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. அழுகிறாளோ என்று பயந்தேன். பிறகுதான் தெரிந்தது, சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

“அது உலகப் பொது நேரங்க. சாட்டிலைட் எல்லாம் அதுலதான் ஓடும். நம்ம நேரம் அதுக்கு அஞ்சரை மணி முன்னால போவுது. அப்படின்னா நான் பொறந்தது சாயங்காலம் அஞ்சு மணி!”

அம்மாவிடம் ஓடினேன். அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைக்கவே இல்லை.

“நேத்து பதினொண்ணர. இன்னிக்கி அஞ்சி. அந்தப் பொண்ணு வேணும்ங்கிறதுக்காக நாளைக்கி இன்னாடா சொல்லுவ? நடுராத்திரியா?”

ஜோசியரிடம் ஓடினேன். “நேரத்த மாத்தி மாத்திக் குடுத்தா கிரகம் எல்லாம் எங்க தம்பி போயி நிக்கும்?” என்று கேட்டார். பொய்யான நேரத்தைக் கொடுத்தபோது என்னைக் கொண்டாடியவர்கள், உண்மையான நேரத்தைச் சொன்னதும் ஏமாற்றுக்காரனாக்கிவிட்டார்கள்.

மேகலாதான் வழி சொன்னாள். அதே நாளில், இரண்டு மணி நேரம் கழித்து, வெயில் வெளிச்சம் இருந்தால்தான் பதிகிற வகைப் படத்தைத் தேடச் சொன்னாள். மறுபடியும் கிடங்கில் இறங்கினேன். கிடைத்தது. நம் நாடு, வங்கக் கடல் எல்லாம் அட்டக் கருப்பு. இடது ஓரத்தில் ஆப்பிரிக்காப் பக்கம் மட்டும் வெளிச்சம். ஜெராக்ஸ் கடைக்காரர் பார்த்துவிட்டு, “இன்னாண்ண இது, ஒண்ணுமே இல்ல? இங்க்கு பூரா தீந்துடும் போலக்கீது” என்று அலுத்துக்கொண்டார். (லேமினேஷன் வேண்டுமா என்று கேட்டார். வேண்டவே வேண்டாம் என்றேன்.)

மேகலா தன் அம்மாவைக் கூட்டிக்கொண்டு ஜோசியர் வீட்டுக்கு வந்தாள். என் அம்மாவைக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் எனக்கு உயிர் போய்விட்டது. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள்.

“அத்தை, இது பதினொண்ணர, இது ஒண்ணர. இவர் மொதல்ல சொன்ன மாதிரி அது நம்ம ஊரு நேரம்னா, இது மத்தியானம் ஒண்ணர மணி. மத்தியானத்துல ஏன் இப்படி இருட்டா இருக்குது?”

“புயல்னா இருட்டிக்கிட்டுதான் இருக்கும்” என்றார் அம்மா. விட்டுக்கொடுக்கிற மாதிரி இல்லை.

“கீழேர்ந்து பார்க்கிற நமக்குத்தான் இருட்டு. இது மேகத்துக்கு மேலேர்ந்து எடுத்தது. மேகத்துக்கு மேல வெயில் இருக்கணுமே, அத்தை?”

அம்மா படத்தைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இடது ஓரத்து வெளிச்சத்தில் அவர் விரல் நின்றது.

“இது எந்தப் பக்கம்?”

“மேற்கு, அத்தை.”

“மேக்கால வெளிச்சம் கீது, நம்ம பக்கம் இருட்டிப் போச்சி. அப்ப பொழுது போயிடுச்சின்னு அர்த்தம். இது எப்படி மத்தியானமா இருக்கும்?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். “இதப் பார்த்து நேரம் சொல்லத் தெரியல, நீயெல்லாம் கம்ப்யூட்டர் படிச்ச புள்ள!”

வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதில்லை. ஜோசியர் புதுக்கட்டம் போட்டார். ரிஷப லக்கினம். செவ்வாய் ஐந்தில். தோஷம் இல்லை. “செவ்வா நின்ன எடத்துலதாம்மா நிக்கிது. தம்பிதான் வூட்டத் தப்பா எண்ண வச்சிடுச்சி” என்று மொத்தப் பழியையும் என் தலையில் போட்டுவிட்டு, முகூர்த்த நாள் தேட ஆரம்பித்தார். இந்த முறை நான் வாயே திறக்கவில்லை.

அடுத்த தை மாதம் கல்யாணம் நடந்தது. தாலி கட்டும்போது மச்சினன் பின்னாலிருந்து, “மாமா, முகூர்த்தம் நம்ம நேரமா, சாட்டிலைட் நேரமா?” என்று கத்த, மேளக்காரர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்குத் தொடங்கியது இன்றும் ஓயவில்லை. சீக்கிரம் வந்துவிடுகிறேன் என்று நான் போனில் சொன்னால், மேகலா அஞ்சரை மணி நேரம் கூட்டிக்கொண்டுதான் உலை வைக்கிறாளாம். அம்மா அதை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறார். மருமகளும் மாமியாரும் ஒரே கட்சி. எனக்கு அதில் குறை ஒன்றும் இல்லை.

போன வருஷம் பிள்ளையார்குப்பம் ஆஸ்பத்திரியில் எங்களுக்குப் பெண் பிறந்தது. பிரசவ வார்டுக்கு வெளியே என் அம்மா, மாமியார், மச்சினன் மூன்று பேரும் ஆளுக்கொரு கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்கள். என் போனை மட்டும் அம்மா பிடுங்கித் தன் பையில் போட்டுக்கொண்டார். நர்ஸ் வந்து நேரம் சொன்னதும் மூன்று பேரும் சரிபார்த்துத் தலையாட்டினார்கள். என்னை உள்ளே விட்டபோது மேகலா களைத்துப்போய்ப் படுத்திருந்தாள். குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

“பொறந்த நேரத்த நீங்க பார்க்கலையே?”

“இல்ல” என்றேன்.

“நல்லது” என்று சொல்லி, நிம்மதியாகக் கண்ணை மூடித் தூங்கிப்போனாள்.