ஸ்டூலில் இருந்த நோயாளி

"என்னைப் பார்க்காதீங்கம்மா, அவரைப் பாருங்க" என்றார் ஸ்டூலில் இருந்தவர்.

அரைவைத்தியர் மனசுக்குள் சிரித்துக்கொண்டாள். தோழிகள் வைத்த பட்டப்பெயர் அது. போன வருடம் இதே செய்முறைத் தேர்வில் கோட்டை விட்டவளை வேறெப்படிக் கூப்பிடுவார்கள்? இந்தத் தடவையும் போனால் மூட்டை கட்ட வேண்டியதுதான். மருத்துவக் கல்லூரி அதோடு சரி.

தேர்வு இதுதான். நோயாளியாக நடிக்க ஒருவரை அமர்த்தியிருப்பார்கள். அவரை விசாரித்து நோயைச் சொல்ல வேண்டும். வேண்டாத பரிசோதனை எழுதிச் செலவு வைத்தால், அதற்கென்று பொருளாதாரத் துறையிலிருந்து வருபவர் போடும் மார்க் போய்விடும். அறையில் ஸ்டூலில் ஒருவர், மின்விசிறிக்குக் கீழே நாற்காலியில் ஒருவர். நாற்காலி என்றால் தேர்வாளர், ஸ்டூல் என்றால் நோயாளி. இதைக்கூடவா சொல்லித் தர வேண்டும்?

கூச்சப்படும் நோயாளி 'எனக்கில்லை, அவருக்கு' என்றுதான் ஆரம்பிப்பார் என்று வகுப்பில் படித்திருந்தாள். விடுவாளா? கையைப் பிடித்து நாடி பார்த்தாள். அது ஆமை மாதிரி ஊர்ந்தது. முகம் உப்பியிருந்தது, குரல் கம்மியிருந்தது, இந்த வெக்கையிலும் மனுஷர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். நாடியைக்கூட நடிக்க வைக்கிறாரே என்று அசந்துபோனாள்.

நாற்காலிப் பக்கம் திரும்பினால், பெரியவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டிருந்தார். கேள்வி சரியில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். கேள்வியை மாற்றினாள். அவர் முகத்தைச் சுளித்தபடி இடது தோளைத் தேய்த்தார். இவரைத் திருப்திப்படுத்த நம்மால் ஆகாது என்று பயந்து, ஸ்டூல்காரரை இன்னும் துளைத்தெடுத்தாள்.

கடைசியில் அவர் மனம்விட்டுப் பேசினார். ஒரு வருடமாக உடம்பு அடித்துப் போட்டாற்போல் இருக்கிறதாம். பாடம் நடத்தும்போதே தூங்கிவிடுகிறாராம். மாணவர்களும் தூங்குவதால் யாருக்கும் தெரியவில்லையாம். இனி நம் காலம் இவ்வளவுதான் என்று நினைத்து மனைவியிடம்கூடச் சொல்லவில்லையாம்.

சொல்லும்போதே கண் கலங்கிவிட்டார். நடிப்பு என்று தெரிந்தும் அவளுக்கு மனசு கேட்கவில்லை. மார்க்கும் நாற்காலியும் மறந்தே போயின.

"இது வயசு இல்ல சார். தைராய்டு குறைஞ்சிருக்கும்னு நினைக்கிறேன். ஒரே ஒரு ரத்தப் பரிசோதனை போதும். மாத்திரையிலயே சரியாயிடும்."

"நிஜமாவா?" என்றார் அவர்.

கதவைத் திறந்துகொண்டு மருத்துவப் பேராசிரியை வந்தார். நேரே ஸ்டூல்காரரிடம் போய், பொருளாதாரப் பேராசிரியராக நீங்கள் செலவுக்கு எவ்வளவு மார்க் போட்டீர்கள் என்று கேட்டார்.

"முழு மார்க், மேடம். ஒரே டெஸ்ட்தான் சொன்னாங்க. நாளைக்கே எடுத்துடப் போறேன்."

அப்படியானால் இவர்தான் தேர்வாளரா என்று அரைவைத்தியர் விழித்தாள். மெதுவாக நாற்காலிப் பக்கம் திரும்பினாள்.

பெரியவர் நெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டு எழுந்தார்.

"அப்ப நான் கிளம்பட்டுமாம்மா? கேட்டாத்தான் பேசணும்னு சொல்லி உக்கார வச்சாங்க. வந்ததுலேர்ந்து மாரடைப்புல துடிச்சிக்கிட்டிருக்கேன், ஒருத்தர் என்னன்னு கேக்கல."