காலாவதியானவற்றை நீக்கவா?

"இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது" என்று கணினி நாற்பத்தோராவது முறையாகச் சொன்னபோது மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. கடையில் தேதி தாண்டிய இருமல் மருந்து ஒன்றைக்கூட அலமாரியில் விட்டுவைக்காத மனிதர் அவர். வீட்டிலேயே ஒன்று காலாவதியாகி உட்கார்ந்திருந்தால் எப்படி?

ஆனாலும் கை வரவில்லை. அது மனைவியின் கணினி. கல்லூரிக் கணினிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டவள், லினக்ஸ் இயங்குதளத்தைத் தவிர வேறெதையும் வீட்டுக்குள் விடமாட்டாள். அவள் போய் இரண்டு வருடமாகிறது. இன்றைக்கும் காலையில் கணினியைத் திறந்தால் அவள் குரல் வரும்.

"வந்துட்டீங்களா? கண்ணாடியப் போடுங்க. முதுகை நிமித்தி உக்காருங்க."

அவள் போன மறுவாரம்தான் அவர் அதை முதன்முதலில் கேட்டார். தொண்டையில் வந்த நோய் குரலைப் பறிப்பதற்கு முன்பே யோசித்துப் பதிந்து வைத்திருக்கிறாள், கெட்டிக்காரி என்று விக்கி விக்கி அழுதார். அன்றிலிருந்து அதைக் கேட்காமல் ஒருநாளும் கடைக்குக் கிளம்பியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல மைத்துனி சாப்பாட்டு கேரியரோடு வந்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. மைதானத்தின் மறுகோடிக்கும் கேட்கும் குரல். ஒரே வயிற்றில் பிறந்து இப்படி ஒன்றும் அப்படி ஒன்றுமா என்று அவருக்கு ஆச்சரியம். அதை அவளிடமே சொல்லவும் அவர் கூச்சப்பட்டதில்லை.

"என்ன பண்றீங்க அத்தான்?"

"கத்தாதம்மா. உன் குரலைக் கேட்டா நான் மாத்திரை போட வேண்டியிருக்கு. புதுப் பதிப்புக்கு மாத்தப் போறேன்."

"அந்தக் குரலுக்கு ஒண்ணும் ஆகிடாதே? காப்பி எடுத்தீங்களா?"

"ஒண்ணுக்கு ரெண்டா எடுத்தாச்சு."

பொத்தானை அழுத்தினார். ஒரு மணி நேரம் எதையெதையோ இறக்கிய பிறகு கணினி ஒரு கேள்வி கேட்டது. இந்தக் கோப்பு இங்கே மாற்றப்பட்டிருக்கிறது. மாற்றியதையே வைத்துக்கொள்ளவா, தயாரிப்பாளர் தந்ததைப் போடவா?

"தயாரிப்பாளர் தந்ததுதான். சீல் வச்சு வந்த சரக்குல வீட்ல கை வைக்கக் கூடாது."

"அத்தான், மாத்தினது அக்காவா இருந்தா?"

"அழுத்திட்டேனே!"

அடுத்த கேள்வி: காலாவதியானவற்றை நீக்கவா? இருபத்தெட்டு வருடமாகக் கடையில் தினமும் செய்கிற வேலை. யோசிக்காமல் ஆம் என்றார்.

கணினி அணைந்து மறுபடி எழுந்தது. திரை புதிது, படம் புதிது, எழுத்தெல்லாம் பளிச்சென்று இருந்தது. குரல் மட்டும் வரவில்லை.

இணையத்தில் முகம் தெரியாத ஒருவர், ஒலி மென்பொருளை நீக்கிவிட்டுத் திரும்பப் போடும்படி யாருக்கோ யோசனை சொல்லியிருந்தார். இவர் நீக்கினார். அது போகும்போது பாதிக் கணினியையும் கையோடு கூட்டிக்கொண்டு போனது. கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு மட்டும் விட்டுவிட்டுத் துடித்தது. அப்படி ஒரு கோட்டை ஆஸ்பத்திரியில் பார்த்தவர் அவர்.

"விட்டுடுங்க அத்தான். தெரிஞ்சவங்களக் கூப்பிடலாம்."

"நீ சும்மா இரு."

மேசை இழுப்பறையில் ஒரு பென்டிரைவ் கிடந்தது. "அவசரத்துக்கு மட்டும்" என்று மனைவி தன் கையால் எழுதி ஒட்டியிருந்தாள். செருகினார். கணினிக்குள் இருக்கும் வட்டை முழுவதும் அழித்துவிட்டு நிறுவவா என்று கேட்டது.

"பழைய பாட்டில்ல புது மருந்து ஊத்தணும்னா முதல்ல கழுவணும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினார்.

இருபது நிமிடத்தில் கணினி பழையபடி எழுந்து நின்றது. எழுந்ததும் முதல் வேலையாக, "இந்தப் பதிப்புக்கான ஆதரவு முடிந்துவிட்டது" என்றது.

"சரி, தொலையட்டும். காப்பியப் போடுங்க. எங்க வச்சிருக்கீங்க?"

அவர் திரையில் எதையோ தேடினார்.

"அத்தான், எங்க?"

"இதுக்குள்ளதான்" என்றார் கணினியைக் காட்டி. "ரெண்டு ஃபோல்டர்ல."

கேரியரில் சாப்பாடு ஆறிப்போயிருந்தது. அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு மேசைமேல் கவிழ்ந்தார்.

"ஆஸ்பத்திரியில அவளக் காப்பாத்த முடியல. வீட்ல இருந்த கொஞ்சத்தையும் நானே அழிச்சிட்டேன். நாளைக்குக் கடையத் திறக்க எனக்குத் தெம்பு இல்லம்மா."

மைத்துனி என்ன சொல்லியும் அவர் தலை நிமிரவில்லை. வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"வந்துட்டீங்களா? கண்ணாடியப் போடுங்க. முதுகை நிமித்தி உக்காருங்க."

அதே குரல், அதே நிதானம். பதறி நிமிர்ந்து திரையைப் பார்த்தார். அதில் ஒன்றுமே ஓடவில்லை. மெல்லத் திரும்பினார். முதுகுக்குப் பின்னால் மைத்துனி தரையைப் பார்த்தபடி நின்றிருந்தாள்.

"அக்காவுக்கு அப்பவே குரல் போயிடுச்சு அத்தான். எழுதிக் குடுத்தது அவ, பேசினது நான்."