ஜெர்மனிக்குப் போன எங்கள் தெரு

"ஏட்டி, வெள்ளக்காரப் பிள்ளைகளுக்கு நம்ம தெருவைப் பாத்து என்ன ஆகப்போகுது? இதுல என்னமோ இருக்கு," என்றார் பக்கத்து வீட்டுச் செல்லத்தாய் அத்தை. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டிக் கல்லூரிக்குப் போனவள் நான். இதற்கெல்லாம் பதில் சொல்வது என் தகுதிக்குக் குறைவு என்று நினைத்தேன். (அந்த வயதில் எல்லாமே என் தகுதிக்குக் குறைவாகத்தான் இருந்தது.)

கோவில்பட்டியில் எம்.ஏ. ஆங்கிலம் படித்துக்கொண்டிருந்தேன். ஜெர்மனியில் எங்களைப் போலவே ஆங்கிலம் கற்கும் மாணவர்களும் நாங்களும் அவரவர் அன்றாட வாழ்க்கையைப் படம் பிடித்து, குரல் சேர்த்து, சிடியில் போட்டு மாற்றிக்கொள்ள வேண்டும். அடுத்தவர் பண்பாட்டைப் புரிந்துகொள்ள அது ஒரு பயிற்சி. எங்கள் வகுப்பில் என் சிடிதான் சிறந்தது என்று, படம் எடுக்கும் முன்பே முடிவு செய்துவிட்டேன்.

எங்கள் தெருப் பெண்கள் தீப்பெட்டி ஆபீசுக்கு வீட்டிலிருந்தே கட்டை அடுக்குகிறவர்கள். மரச்சட்டத்தில் தீக்குச்சிகளை வரிசையாகச் செருகும் வேலை. முன்பு யாரோ கேமராவோடு வந்து, பிள்ளைகளும் அடுக்குகிறார்களா என்று விசாரித்துப் போன பிறகு, ஏஜெண்ட் அண்ணாச்சி வெகுநாள் எங்கள் தெருப் பக்கமே குச்சி இறக்கவில்லை. இது எனக்குத் தெரியும். ஆனால் நான் படிப்புக்காக அல்லவா வந்திருக்கிறேன்?

கல்லூரியில் கொடுத்த கேமராவின் பட்டனை நான் அமுக்குவதற்குள் கட்டைகள் கட்டிலுக்கடியில் போய்விட்டன. குச்சிக் குவியல் மேல் சாக்கு விழுந்தது. பெண்கள் முகத்தில் பவுடர் அப்பிக்கொண்டு வாசலில் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"நாங்க சும்மாதான் இருக்கோம். சாப்பிடுதோம், தூங்குதோம்," என்றார் செல்லத்தாய் அத்தை.

என்னைப் பெற்ற அம்மா இன்னும் ஒரு படி மேலே போய், "நீ யாரும்மா?" என்று கேட்டாள்.

அவ்வளவு நடித்தும் பயனில்லை. மறுநாள் எங்கள் வீட்டுக்கு மட்டும் குச்சி வரவில்லை. "ஒம் மக யாருக்கு வேலை பாக்கான்னு தெரியலயே தாயி," என்றாராம் அண்ணாச்சி. எங்கள் வீட்டு அடுப்பும் என் படிப்பும் அந்தக் குச்சியில்தான் எரிந்துகொண்டிருந்தன. கேமராவைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடினேன். அந்தச் சின்னத் திரையை மூக்கோடு ஒட்டிவைத்துப் பார்த்தார். ஓட்டிய படத்தையே திரும்ப ஓட்டச் சொன்னார். கடைசியில், "ஒருத்திகூட ஒரு வேலையும் செய்யலயே," என்று மனநிறைவோடு சொன்னார். அம்மாவுக்குக் குச்சி வந்துவிட்டது.

வேறு படம் எடுக்க நேரமில்லாததால் அதே படம்தான் ஜெர்மனிக்கும் போனது. உங்கள் ஊர்ப் பெண்களின் ஓய்வான வாழ்க்கையைப் பார்த்துப் பொறாமையாக இருக்கிறது, எல்லா வேலையையும் ஆண்கள்தான் செய்கிறார்களா என்று கேட்டு எழுதியிருந்தார்கள். பேராசிரியை அதை வகுப்பில் உரக்கப் படித்தார். நான் பெஞ்சுக்கடியில் புகாத குறை. அப்பா மட்டும் கொஞ்ச நாள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தார். இன்றைக்கும் வீட்டில் யாராவது காலை நீட்டி உட்கார்ந்தால், "என்ன, ஜெர்மனிக்குப் படம் ஓடுதா?" என்று அம்மா கேட்பாள்.

அவர்கள் அனுப்பிய சிடியைப் பிறகு நிதானமாகப் பார்த்தேன். பளபளக்கும் சமையலறை, ஒரு எச்சில் தட்டு இல்லை. சிரித்த முகங்கள், ஒரு சண்டை இல்லை. இதுல என்னமோ இருக்கு என்று எனக்கும் தோன்றியது.

இப்போது நான் ஆங்கிலம் கற்பிக்கிறேன். இந்த வருடம் என் மாணவிகளோடு சேர்ந்து எடுத்த புது சிடியைப் போன வாரம் ஜெர்மனிக்குத் தபாலில் சேர்த்துவிட்டேன். அதில் முதல் படம், கட்டிலுக்கடியிலிருந்து கட்டையை வெளியே இழுக்கும் அம்மாவின் கை. (முகம் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.) கூடவே என் குரலில் ஒரு கேள்வி: கேமராவைக் கண்டதும் நாங்கள் ஒளித்துவைப்பது இதை, நீங்கள் எதை?